துருசுக் காவலாளி பார்த்ததும் எழுதியதும்

"துருசுக் காவலாளி ஒருவர் தேவை. விண்ணப்பதாரி திடகாத்திரமான தேகமுடையவராகவும், நீந்தத் தெரிந்தவராகவும், காட்டு மிருகங்களுக்கு அஞ்சாதவராகவும், அதிகம் பேசாதவராகவும் இருத்தல் வேண்டும். கல்வித் தகைமை அவசியமில்லை."

1958ஆம் ஆண்டு பாலையடிக்குளத்துச் சங்கக்கடைச் சுவரில் இந்த அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. வீரகத்தி எஸ்.எஸ்.சி. சித்தியடைந்தவர். அறிவித்தலில் வேண்டும் என்று கேட்டவற்றில் ஒன்றும் அவரிடம் இல்லை. வேண்டாம் என்று சொன்ன ஒன்று மட்டும் இருந்தது. உடம்பு வேலிக்கு நடும் கதியால் தடி மாதிரி. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினவரில்லை. யானை என்ன, கொம்பு வளைந்த பசுமாட்டைக் கண்டாலும் வீதியின் மறுகரைக்குப் போய்விடுவார். பேச்சைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இத்தனைக்கும் பெற்றோர் வைத்த பெயர் வீரகத்தி.

குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடுகிற இரும்புக் கதவைத்தான் வன்னியில் துருசு என்பார்கள். துணுக்காயிலிருந்து ஆறு மைல் காட்டுப்பாதையில் இருந்த பாலையடிக்குளத்துக்கு இடக்கரையில் ஒரு துருசு, வலக்கரையில் ஒரு துருசு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எண்பது குடும்பங்களின் நெல்லும் அந்த இரண்டு கதவுகளை நம்பி இருந்தது. வீரகத்தியும் அப்படிக் காணி கிடைத்து வந்தவர்தான். மண்வெட்டி பிடித்து இரண்டு போகம் செய்து பார்த்ததில், மண்வெட்டிக்கும் தனக்கும் ஒத்துவராது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு விண்ணப்பம் எழுதினார்.

நேர்முகப் பரீட்சைக்கு வந்த எஞ்சினியர் கேட்டார்.

"நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது ஐயா."

"பேந்து ஏன் விண்ணப்பம் போட்டனீர்?"

"குளத்தைப் பாத்துக்கொள்ளத்தானே ஆள் கேட்டிருக்கிறியள். உள்ளுக்கு இறங்கிப் பாக்கச் சொல்லி அறிவித்தலிலை இல்லையே."

மற்ற விண்ணப்பதாரி ஒருவர்தான். அவர் நன்றாக நீந்துவார். அன்று காலை கள்ளுக்கொட்டிலில் நீந்திவிட்டு வந்திருந்தார். வேலை வீரகத்திக்குக் கிடைத்தது.

வேலை என்னவென்றால், காலை ஆறு மணிக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் மாலை ஆறுக்கும் அணைக்கட்டில் ஏறி, தண்ணீருக்குள் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து, எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று பதிவேட்டில் எழுதவேண்டும். மிக இலகுவான வேலை. ஆனபடியால்தான் பல குளங்களில் காவலாளிமார் அதை வீட்டிலிருந்தே செய்தார்கள். வீரகத்தி அப்படிச் செய்யவில்லை. ஒழுக்கம் காரணமென்று சொல்லமுடியாது. பொய் எழுதினால் பிடிபட்டுவிடுவோமே என்ற பயந்தான் முதலில் இருந்தது. பயம் நாளடைவில் பழக்கமாகி, பழக்கம் ஒருவிதமான கர்வமாகவும் முற்றிவிட்டது.

ஒருமுறை எஞ்சினியர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். "காலை 6 மணி: பார்க்கவில்லை. காரணம்: யானை."

"மற்றக் குளங்களிலை யானை வாறதில்லையோ, வீரகத்தி? அவங்கள் ஒரு நேரமும் விடாமல் எழுதியிருக்கிறாங்களே."

"அவை துணிஞ்ச ஆக்கள் ஐயா. யானைக்குப் பின்னாலை நிண்டும் அளவு பாப்பினம். எனக்கு ஏலாது."

எஞ்சினியர் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு சின்னச் சரி போட்டார். மாவட்டத்திலேயே அவர் நம்பிய பதிவேடு அது ஒன்றுதான் என்று பிறகு கதை வந்தது. குளத்தடியில் ஒருவர் பயந்தபடியால் எழுதிய ஒரு வரி, எண்பது குடும்பத்துக்கும் தண்ணீர் கேட்கும்போது பெரிய சாட்சியாக நின்றது.

1961 மார்கழியில் வீரகத்தியின் மகன் ஈசனுக்கு ஒரு வயது நிறைந்தது. கலியாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அந்தக் கொண்டாட்டத்துக்கு, மனைவி கமலாசனியின் தமக்கை விமலேஸ்வரி யாழ்ப்பாணத்து மட்டுவிலிலிருந்து ரயிலேறி, மாங்குளத்தில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். ஒரு தகரம் நிறையப் பயத்தம் பணியாரமும், பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தகரத்தில் அடங்காத அபிப்பிராயங்களும் கொண்டுவந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் ஐந்து. ஐந்து பேரையும் விடியற்காலையில் கிணற்றடியில் குளிக்கவார்த்து வளர்த்ததாகவும், ஒன்றுக்கும் இன்றுவரை தடிமன் வந்ததில்லை என்றும் வந்திறங்கிய அரைமணி நேரத்துக்குள் சொல்லிவிட்டாள்.

கமலாசனி மகனை மதியத்தில் குளிக்கவார்ப்பாள். பெரிய அண்டாவில் தண்ணீர் நிறைத்து முற்றத்து வெயிலில் வைத்து, அது இதமாகச் சுட்ட பிறகுதான் பிள்ளை இறங்குவான்.

"உப்பிடிப் பொத்திப் பொத்தி வளத்தா உன்ரை மனுசன் மாதிரித்தான் வருவான்" என்றாள் தமக்கை.

பிறந்தநாளன்று வாடைக்காற்று சுழன்றடித்தது. விடிந்தும் விடியாமல் விமலேஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மூன்று வாளி வார்த்தாள். பிறந்தநாளுக்குப் பழைய அரைஞாணை அறுத்துப் புதுக் கறுப்பு நூல் கட்டுவது வழக்கம். துடைத்துவிட்டு நூலைக் கட்டக் குனிந்தவள் கட்டாமல் நிமிர்ந்தாள்.

"கமலா, இஞ்சை வா."

கமலாசனி குசினியிலிருந்து வந்தாள்.

"உவனுக்கு இடப்பக்கம் ஒண்டும் இல்லையடி. விதைப்பை வெறுமையாக் கிடக்கு. நீ ஒருநாளும் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். ரெண்டும் இருந்தது எண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்கிறியோ? நீ பெத்தவள்."

பிள்ளைக்கு ஏதும் குறை என்று கேட்டால் தாய்க்கு முதலில் வருவது பிள்ளையின் கவலையில்லை, தன் குற்றம்தான். ஒரு வருஷமாகக் குளிப்பாட்டிய கைகளைக் கமலாசனி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வீரகத்தி காலை அளவை எழுதிவிட்டு அணையிலிருந்து இறங்கிவந்தபோது செய்தி காத்திருந்தது. அவரும் பார்த்தார். பிள்ளை குளிரில் விறைத்து வீரிட்டுக்கொண்டிருந்தான். இடப்பக்கம் ஒன்றுமில்லை. மதியம் வந்து பார்த்தபோது ஈசன் சேலையில் கட்டிய ஏணையில் வியர்த்து விறுவிறுத்துத் தூங்கினான். துணியை விலக்கினார். இரண்டும் இருந்தன, இரண்டு புளியங்கொட்டைகளைப் பையில் போட்டதுபோல் தெளிவாக இருந்தன.

"கமலா, ஓடிவாரும்."

கமலாசனி மீன் கழுவிய கையை அலம்பிவிட்டு ஈரத்தோடு வந்து தொட்டுப் பார்த்தாள். இடப்பக்கம் ஒன்றுமில்லை.

"என்ன, பகிடி விடுறியளோ?" என்று கேட்டாள். எட்டு வருஷத்தில் அவள் கணவனிடம் அந்தத் தொனியில் பேசியது அதுதான் முதல் தரம்.

வெள்ளிக்கிழமைகளில் உதவி வைத்தியரான அப்போதிக்கரி கதிர்காமநாதன் மருந்துப்பெட்டியோடு ஜீப்பில் வந்து சங்கக்கடைப் பின்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். அன்று மழை. ஒவ்வொரு பிள்ளையையும் தொடுமுன் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கையைக் கழுவும் சுத்தமான மனிதர். ஈசனைத் தடவிப்பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இடது இறங்கேல்லை. பிறக்கேக்கை இறங்காமல் இருக்கிறது புதினமில்லை. கன பிள்ளையளுக்கு நாலைஞ்சு மாசத்துக்குள்ளை தானாய் இறங்கிவிடும். இவனுக்கு வருஷமாச்சு. இனித் தானாய் வாறது குறைவு. யாழ்ப்பாணத்திலை காட்டினா, சின்ன ஒப்பரேசன் செய்து கீழை இறக்கித் தைச்சுவிடுவினம்."

"செய்யாட்டில் ஐயா?" என்றாள் கமலாசனி.

"உடம்புச் சூட்டுக்குள்ளை கிடந்தா அது பழுதாய்ப் போகும். விட்டுவைக்கக் கூடாது."

"அவனுக்குப் பிள்ளையள் பிறக்காதோ?"

"அவனுக்கு இப்ப ஒரு வயசு. கொஞ்சம் பொறுங்கோ. மற்றது நல்லாத்தான் இருக்கு, ஒண்டே போதும்."

கமலாசனிக்குப் பொறுக்க முடியவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு வரப்போகும் பெண்வீட்டாரிடம் என்ன சொல்வதென்று அன்று மாலையே யோசிக்கத் தொடங்கிவிட்டாள். விமலேஸ்வரியின் கணவருக்கு யாழ்ப்பாணத்தில் ஆட்களைத் தெரியும். கடிதம் போய், பதிலும் வந்தது. தைப்பொங்கல் கழிந்து பத்தாம் நாள் பிள்ளையைக் கொண்டுவரவேண்டும், ஆஸ்பத்திரியில் கட்டிலும் ஒழுங்கு. அதுவரை தான் இங்கேயே நிற்பதாகத் தமக்கை அறிவித்தாள்.

வீரகத்திக்கு எத்தனையோ பயங்கள். ஆனால் ஒரு வயதுப் பிள்ளையின் முகத்தில் மயக்கமருந்துத் துணியை வைத்து அமுக்கும் காட்சி மற்றப் பயங்களையெல்லாம் வெறும் வேடிக்கையாக்கிவிட்டது. தேவையானால் செய்யத்தான் வேண்டும். தேவையா என்பதுதான் கேள்வி. மதியத்தில் தான் கண்டது கண்மயக்கமா?

தண்ணீர் மட்டத்தைப் பற்றி இரண்டு பேர் சண்டைபிடித்தால் அவருக்கு ஒரே வழிதான் தெரியும். பழைய பதிவேடு ஒன்றில் பின்பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. இரண்டு கரைத் துருசுகளுக்குமாக நேரம், இடது, வலது, காலநிலை, குறிப்பு என்று நிரல்கள் ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். ஒன்றையும் மாற்றத் தேவையிருக்கவில்லை.

"காலை 6.15. இடது: இல்லை. வலது: உண்டு. வாடைக்காற்று. பிள்ளை குளித்து வந்தவன்."

"மதியம் 12.20. இடது: உண்டு. வலது: உண்டு. வெயில். ஏணையில் நித்திரை."

"மாலை 6.10. பார்க்கவில்லை. காரணம்: பிள்ளை சம்மதிக்கவில்லை."

குளத்தை அளந்துவிட்டு வந்து மகனைப் பார்ப்பார். இரண்டையும் ஒரே பேனையால் எழுதுவார். ஒரு வாரத்துக்குள் குடியேற்றத்துக்கே தெரிந்துவிட்டது. இடக்கரையில் மூன்று ஏக்கர் செய்யும் அப்புத்துரை தினமும் சைக்கிளில் போகும்போது ஒரு காலை ஊன்றி நின்று கேட்பார்.

"குளம் எத்தினை?"

"பதினொண்டரை அடி."

"பெடியன்?"

"இண்டைக்கு ரெண்டு."

"நல்லது. இடக்கரைக்குத் தண்ணி வந்தாச் சரி" என்று சொல்லிக்கொண்டே போவார்.

துணுக்காய்ச் சந்தியில் கடை வைத்திருந்த ஆதம்பாவா கிழமைக்கொருமுறை சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு குடியேற்றத்துக்கு வருவார். அவர் கொப்பியை வாங்கி வாசித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, வாடை அடிச்சா நானும்தான் போர்வைக்குள்ளை பூந்துகொள்ளுறன். அதுகும் பூந்துகொள்ளுது. உதுக்கென்ன கொப்பி?"

எல்லாரும் சிரித்தார்கள். வீரகத்தியும் சிரித்தார். எஸ்.எஸ்.சி. படித்தவர் கையில் விடையைக் கொடுத்த பிறகும், அதைப் பகிடி என்று எடுத்து வைத்துவிட்டார். அவருக்கு எழுதத் தெரியும்; எழுதியதை வாசிப்பது வேறு வேலை. சிரித்துமுடித்த ஆதம்பாவா கொப்பியைத் திரும்பவும் விரித்து, ஒரு பக்கத்தை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்ததையும் அன்று ஒருவரும் கவனிக்கவில்லை.

வீட்டில் நிலைமை வேறு. விமலேஸ்வரிக்கு மதியப் பதிவுகளில் நம்பிக்கையில்லை.

"வீரகத்தி, நீர் ஏணைக்குள்ளை இருட்டிலை தடவிப்போட்டு எழுதுறீர். காலமை நான் குளிக்கவாத்த உடனை வெளிச்சத்திலை பாரும். அதுதான் சரியான பார்வை. மற்றதுகளை வெட்டிவிடும்."

"பாத்ததை எப்பிடி மச்சாள் வெட்டுறது?"

கமலாசனி கேட்டது அதற்கு நேர்மாறு. பொங்கலுக்கு முதல்நாள், முற்றத்தில் கோலத்துக்கு மாவிடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ. காலமையிலையும் உண்டு எண்டே எழுதிவிடுங்கோவன். அப்போதிக்கரி ஐயா உங்கடை எழுத்தை நம்புவார். நாள் தள்ளிப்போகும். அதுக்கிடையிலை பிள்ளையார் ஏதும் வழி காட்டுவார்."

"இல்லாததை எழுதினா வந்திடுமோ, கமலா?"

"வராது. வெட்டமாட்டினம்."

அவள் அழவில்லை, திரும்ப மாவிடிக்கத் தொடங்கினாள். அது அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது. வீரகத்தி பேனையை எடுத்தார். அன்றைய காலைப் பதிவு இன்னும் எழுதப்படாமல் இருந்தது. உண்டு என்பதும் இல்லை என்பதும் ஏறக்குறைய ஒரே அளவு இடத்தைத்தான் பிடிக்கும். பேனை முனையில் மை காயும்வரை வைத்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அது உண்மையாகவே இறங்காததாக இருந்தால்? தான் எழுதிய பொய்யை நம்பி, செய்யவேண்டிய வைத்தியத்தைச் செய்யாமல் விட்டுவிட்டால்? "இடது: இல்லை" என்று எழுதினார். அந்தக் கொப்பியின்மேல் அவருக்கு வெறுப்பு வந்தது அந்த ஒரு நாள்தான். பிறகு போய் உலக்கையை அவளிடமிருந்து வாங்கி, மிச்ச மாவைத் தானே இடித்தார். அவர் இடித்த மாவில் கோலம் போடமுடியாமல் போனது வேறு கதை.

யாழ்ப்பாணம் போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. விமலேஸ்வரி உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். பிள்ளையை ஒருமுறை காட்டி, ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுவதாகத் திட்டம். மூன்று பேரும் பிள்ளையோடு சங்கக்கடைப் பின்னறைக்குப் போனார்கள். அப்போதிக்கரி வழக்கம்போல் கைகழுவக் கிண்ணத்தை இழுத்தார். வீரகத்தி கொப்பியை மேசையில் வைத்தார்.

"என்ன இது? குளத்துக் கணக்கோ?"

"இல்லை ஐயா. மகன்ரை. இருபத்தாறு நாள்."

கதிர்காமநாதன் ஒரு கையைக் கிண்ணத்துக்குள் விட்டபடியே மற்றக் கையால் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாம் பக்கத்தில் புன்னகைத்தார். நாலாம் பக்கத்தில் புன்னகை நின்றது. கிண்ணத்திலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, முதலிலிருந்து வாசித்தார்.

"அம்மா, காலமையிலை பிள்ளையை எந்தத் தண்ணியிலை குளிக்கவாக்கிறியள்?"

"கிணத்துத் தண்ணியிலைதான்" என்றாள் விமலேஸ்வரி. "விடிய வாத்தாத்தான் உடம்பு இறுகும்."

"இந்த நாள், ஐஞ்சாம் திகதி, மதியத்திலையும் இல்லை எண்டு கிடக்கே. என்ன நடந்தது, வீரகத்தி?"

"அண்டைக்கு மழை ஐயா. நான் அணையிலை நனைஞ்சுபோட்டு வந்தனான். குறிப்பிலை எழுதியிருக்கிறன்." எழுதியிருந்தார்: "கை ஈரம்."

அப்போதிக்கரி சங்கக்கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கேட்டார். வந்ததும் குடிக்கவில்லை. சுடச்சுட இருந்த கிளாசை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். வெளியே நோயாளிகள் முணுமுணுத்தார்கள். பிள்ளையைத் தாயின் மடியில் வைத்து, அவளுடைய சேலைத்தலைப்பால் மூடச் சொன்னார். ஈசனுக்கு ஒரு பணியாரம் கொடுக்கச் சொன்னார். பிள்ளை அதைச் சப்பிக்கொண்டு எல்லாவற்றையும் மறந்த நேரத்தில், சூடான கையைத் தலைப்புக்குள் விட்டார்.

கமலாசனி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் இருக்கு" என்றார். "கீழை நிக்குது. விட்டாலும் நிக்குது. இது இறங்காததில்லை, அம்மா. இறங்கினதுதான், ஆனாப் பயந்த சாதி. குளிர் பட்டா, ஈரக்கை பட்டா, மேலை ஓடிவிடும். சூடு கண்டா இறங்கும். இப்பிடிக் கன பிள்ளையளுக்கு இருக்கு. வளர வளர ஓட்டம் நிண்டுவிடும்."

"தேப்பன் மாதிரி" என்று விமலேஸ்வரியின் வாயிலிருந்து அவளை அறியாமல் வந்துவிட்டது.

முதலில் சிரித்தது வீரகத்திதான்.

"ஒப்பரேசன்?" என்றாள் கமலாசனி.

"இதுக்கு வேண்டாம். வருஷத்துக்கொருக்கால் கொண்டுவந்து காட்டுங்கோ. மேலை போய் அங்கையே தங்கிவிடாமல் பாக்கவேணும். போனமுறை பிழை என்ரை கையிலை. கழுவின கை ஐஸ் மாதிரி இருந்திருக்கும். நான் தொட வர அது ஓடிட்டுது."

"அப்ப நான் குளிக்கவாத்ததாலையோ?" என்று விமலேஸ்வரி மெல்லக் கேட்டாள். அவளுடைய குரல் அவ்வளவு தாழ்ந்ததை யாரும் கேட்டதில்லை.

"குளிக்கவாத்ததாலை இல்லை. குளிக்கவாத்த கையோடை எண்ணினதாலை" என்று சொல்லி, அப்போதிக்கரி ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார்.

திரும்பி வரும் வழியில் கமலாசனி பிள்ளையை யாரிடமும் கொடுக்கவில்லை. வாய்க்கால் பாலத்தில் நின்று திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். தமக்கையும் தொற்றிக்கொண்டாள். வயலில் நின்ற அப்புத்துரை தூரத்திலிருந்தே இரண்டு விரலை உயர்த்திக் காட்டிக் கேட்டார். வீரகத்தியும் இரண்டு விரலை உயர்த்தினார்.

அடுத்தநாள் துணுக்காய்த் தபாற்கந்தோருக்குப் போய் விமலேஸ்வரி கணவருக்குத் தந்தி கொடுத்தாள்: "இரண்டும் உண்டு. வரவில்லை." என்ன இரண்டு என்று விசாரித்த தபாலதிபரிடம், தொலைந்துபோன மாடுகள் என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். வாழ்நாளில் அவள் சொன்னதாக ஒப்புக்கொண்ட பொய் அது ஒன்றுதான். பிறகு இன்னும் ஒரு கிழமை நின்றாள். ஈசனை மதியத்தில், வெயில் பட்ட தண்ணீரில், தானே குளிக்கவார்த்தாள். யாழ்ப்பாணத்திலும் இப்படித்தான் வழக்கம் என்று அயலவருக்குச் சொன்னாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஊர் அதைப் பகிடியாக மட்டும் வைத்திருக்கும். அந்த மாதக் கடைசியில் ஆதம்பாவா வந்தார். துணிமூட்டையை அவிழ்க்கவில்லை.

"தம்பி, அந்தக் கொப்பியிலை இன்னும் தாள் கிடக்கோ?"

"கிடக்கு காக்கா. ஏன்?" என்று அண்ணன் முறைவைத்துக் கேட்டார் வீரகத்தி.

"என்ரை கடைசிப் பெடியன். நாலு பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பிறகு வந்தவன். பத்து மாசம். அவனுக்கும் வலப்பக்கம் இல்லை. தாய் ஜொஹறா, அவன் பிறந்த நாளிலையிருந்து சொல்லுறா. நான்தான் வாயை மூடு எண்டு சொல்லிப்போட்டன். சுன்னத்துச் செய்யிற ஒஸ்தா வந்தாக் கண்டுபிடிப்பான், ஊரெல்லாம் கதைக்கும் எண்ட பயம். பகிடி விட்டனான், என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"நீங்கள் பகிடியா விட்டதுதானே காக்கா சரியா வந்தது" என்றார் வீரகத்தி.

அவர் தாள்களைக் கிழித்து, கோடு போட்டு, எப்படிப் பார்ப்பது என்று எழுதிக் கொடுத்தார்: கையைச் சூடாக்கவும், பிள்ளை நித்திரையாயிருக்கும்போது பார்க்கவும், குளிக்கவார்த்த உடன் பார்க்கவேண்டாம், பார்க்காவிட்டால் பார்க்கவில்லை என்று எழுதவும். ஜொஹறா எழுத வாசிக்கத் தெரிந்தவள். முப்பது நாள் எழுதினாள். வெயிலிலும் இல்லை, நித்திரையிலும் இல்லை, சூடான கைக்கும் இல்லை. தொண்ணூறு வரியில் ஒரு வரியிலாவது உண்டு என்று வராதா என்று வீரகத்தி ஒவ்வொரு கிழமையும் வாங்கிப் பார்த்தார். வரவில்லை.

அப்போதிக்கரி கிளாசைப் பிடித்துக் கையைச் சூடாக்கிவிட்டுத் தடவிப்பார்த்தார். "இதுதான் இறங்காதது. இதை விடக்கூடாது" என்றார். இப்போதென்றால் ஒரு வயதை ஒட்டியே செய்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் நாலு வயதுவரை பொறுக்கச் சொன்னார்கள். நாலாம் வயதில் யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் நடந்தது. ஆதம்பாவாவுக்குத் துணையாக வீரகத்தியும் ரயிலில் போனார். ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீர் தெரிந்தபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பெடியன் அவருடைய கையைப் பிடித்து, "பயப்பிடாதேங்கோ மாமா, முடிஞ்சுது" என்று சொன்னான். தையல் ஆறி, எட்டாம் நாள் பெடியன் ஆஸ்பத்திரி விறாந்தையில் ஓடித் திரிந்து தாதிமாரிடம் ஏச்சு வாங்கினான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெருநாளுக்கும் பாலையடிக்குளத்துக்கு ஒரு சட்டி வட்டிலப்பம் வந்தது. ஈசனும் அந்தப் பெடியனும் அதைச் சட்டி தெரிய வழித்துத் தின்றார்கள்.

1969இல் வீரகத்திக்கு நெடுங்கேணிப் பக்கம் இடமாற்றம் வந்தது. கூடப்போன காகிதக் கோவையில் அவரைப் பற்றி இப்படி இருந்தது: "நீந்தத் தெரியாது. தேக பலம் குறைவு. அதிகம் பேசுவார். விசேட சேவைகள்: எதுவும் இல்லை."

இருபத்தாறு நாள் அவர் தன் மகனைப் பார்த்து, இருந்ததை உண்டு என்றும், இல்லாததை இல்லை என்றும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் எழுதினார். பிறகு பதினொரு தாய்மாருக்குத் தாள் கிழித்துக் கோடு போட்டுக் கொடுத்தார்.